சார்ஜர் மேசையருகே காவலிருந்த தம்பிக்கும், உடன் நின்ற அனைவருக்கும்

அன்பிற்குரிய ஆர்.சி. கார் (ரிமோட் கார்) பந்தய நண்பர்களுக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நம் பந்தய நடத்துநர் அண்ணன் நேற்று மாலை வீடு திரும்பிவிட்டார். முகப்புத் திண்ணையில் சாய்ந்து அமர்ந்தவர், முதல் வேலையாகத் தகுதிச் சுற்றின் நேரப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தாராம். அண்ணியார் தொலைபேசியில் அதைச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. ஞாயிறு காலை பந்தய இடத்திலிருந்து அவரை 108 ஊர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடி விவரிக்க மனமும் இல்லை, தேவையும் இல்லை. நன்றி சொல்வதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

எல்லோருக்கும் முன்பாக நான் கைகூப்ப வேண்டியவர், ரிமோட் கார் ஒன்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த ஒரு தம்பி. காரைக்குடியிலிருந்து பந்தல் போட வந்த குழுவில் இருந்தவர். தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

அண்ணனை வண்டியில் ஏற்றிய அந்த நேரத்தில், ரிமோட்டோடு ஓட்டுநர் மேடையில் இருந்தவர்கள், கார்களைச் சரிபார்க்கும் பிட்டில் வேலையாக இருந்தவர்கள் என எல்லோரும் வாசலை நோக்கி ஓடினோம். வேறெதையும் நினைக்கும் நிலையில் யாரும் இல்லை. மேசைகளின் மேல் கார்களுக்கான லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகள் சார்ஜில் கிடந்தன. ஊர்ப் பெரியவர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும்: இரண்டு செல் கொண்ட பேட்டரியின் மேல் 7.4 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும், முழுதாக ஏறியதும் அது 8.4 வோல்ட்டில், அதாவது செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டி ஏறினாலோ, ஓட்டத்தில் அடிபட்டு உள்ளே சேதமடைந்த பேட்டரியை ஏற்றினாலோ, அது உப்பிப் புகைந்து தீப்பிடிக்கக்கூடும். அப்படிப் பிடிக்கும் தீ எளிதில் அணையாது. மேலே தென்னங்கீற்றுப் பந்தல், வெயிலில் காய்ந்து சருகாகக் கிடந்தது.

ஒவ்வொரு பந்தயத்தன்று காலையிலும் ஓட்டுநர் கூட்டத்தில் அண்ணன் சொல்பவை நமக்கு மனப்பாடம். முதலில் கையிலிருக்கும் ரிமோட்டான டிரான்ஸ்மிட்டரைப் போட்டு அதன் பிறகே காரைப் போட வேண்டும். நிறுத்தும்போது காரை அணைத்த பிறகே டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும். தன் ஹீட்டை, அதாவது தன் குழுவின் ஓட்டத்தை, முடித்தவர் அடுத்த ஹீட்டுக்கு, கவிழ்ந்த கார்களை நிமிர்த்தும் மார்ஷலாக நிற்க வேண்டும். ஒரு சுற்று பின்தங்கியவர் தன்னை முந்த வருபவருக்குச் சீராக வழிவிட வேண்டும். இவற்றோடு, "சார்ஜ்ல கெடக்குற பேட்டரியத் தனியா விட்டுட்டு யாரும் நகரக் கூடாது" என்பதையும் அவர் ஒருமுறைகூட விட்டதில்லை. பந்தல் காலில் கயிறு கட்டிக்கொண்டே அந்தத் தம்பி இதைக் கேட்டிருக்கிறார். யாரும் அவரிடம் எதையும் ஒப்படைக்கவில்லை.

வாசலிலிருந்து நாங்கள் திரும்பியபோது அவர் மேசை முனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார். காலடியில் சாந்துச் சட்டி நிறைய உலர்ந்த செம்மண். மிச்சக் கீற்றுக் கட்டுகளை மேசையிலிருந்து தொலைவில் தள்ளிப் போட்டிருந்தார். ஒலி எழுப்பி முடித்த ஒவ்வொரு சார்ஜரின் மேலும் ஒரு சணல் கயிற்றுத் துண்டு இருந்தது. "அண்ணே, கயிறு வச்சதெல்லாம் கத்தி முடிச்சிருச்சு. நான் எதையும் தொடலண்ணே. சூடு ஏறுதான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை 5 ஆம்பியரில் ஏற்றினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். கடைசி சார்ஜர் ஒலித்து, அதன் உரிமையாளர் வந்து வயரைக் கழற்றும்வரை அவர் இடத்தை விட்டு எழவில்லை. தேநீரைக்கூட அங்கேயே வாங்கிக் குடித்தார்.

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஊர் நம் காரைக்குடி. லித்தியம் மின்கலங்களைப் பற்றிக் கற்றறிந்தோருக்கு இங்கே குறைவில்லை. அந்த அறிவின் சாரமான ஒரு வரியை, கேட்ட மாத்திரத்தில் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட இந்தத் தம்பியை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. பந்தய நாளின் ஒழுங்குகளை, நேரம் வீணாகாமலும் சண்டை வராமலும் இருப்பதற்கானவை என்றே பலர் நினைக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை, அருகில் நிற்கும் அடுத்தவரின் உடம்புக்கும் உடைமைக்கும் கேடு வராமல் காப்பதற்காகவே ஏற்பட்டவை என்பதை ஞாயிறு எனக்கு அழுத்தமாக உணர்த்தியது.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். 108 ஊர்தியில் வந்த ஊழியர்களுக்கும், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவெல்லாம் விழித்திருந்த பள்ளத்தூர் நண்பர்களுக்கும், டிராக்கை ஒட்டிய பெரிய வீட்டின் முகப்பைத் திறந்துவிட்டு, வந்தவர் அனைவருக்கும் மோர் கொடுத்த ஆச்சிக்கும், தண்ணீர் லாரியை இரண்டாம் முறையும் கொண்டுவந்து புழுதியை அடக்கியவருக்கும் நன்றி. அண்ணன் வீட்டாரே கேட்டுக்கொண்டதன் பேரில் பிற்பகலில் தகுதிச் சுற்றைத் தொடர்ந்தபோது, கார்களில் பொருத்திய டிரான்ஸ்பாண்டர் கருவி வழியே சுற்றுகளை எண்ணும் கணினியின் முன் அமர்ந்து ஒரு சுற்றுகூட விடுபடாமல் பதிவு செய்த கல்லூரி மாணவிக்கும் நன்றி. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த ஓட்டுநர்கள், ஆள் குறைந்த நிலையில், தங்கள் முறை முடிந்த பின்னும் மார்ஷலாக நின்றார்கள். எதிரே வரும் கார்களைப் பார்த்த பிறகே டிராக்குக்குள் கால் வைத்து, கவிழ்ந்த காரைச் சக்கரத்தில் நிறுத்திவிட்டு உடனே விலகினார்கள். சற்றுத் தாமதமான இடங்களிலும் மேடையிலிருந்து ஒருவரும் அவர்களை நோக்கிக் குரல் உயர்த்தவில்லை. அந்தப் பிற்பகலைப் போலக் கண்ணியமாக ஓட்டப்பட்ட பந்தயத்தை நான் பார்த்ததில்லை.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். இனி நம் டிராக்கில் சார்ஜ் மேசை, கீற்றுப் பந்தலுக்கு வெளியே, தகரக் கூரையின் கீழ் தனியாக அமையும். மார்ஷல் முறையைப் போலவே அதற்கும் காவல் முறை உண்டு. காவலுக்கு இருப்பவர் அந்த நேரத்தில் வேறு எதற்காகவும் எழக் கூடாது. அடுத்த பந்தயத்தின் முதல் முறை என்னுடையது. என் ஹீட் அந்த நேரத்தில் வந்தால் அதை விட்டுக்கொடுப்பேன். காலைக் கூட்டத்தில் பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், தேநீர்க் கடைக்காரர் என அன்று வேலைக்கு வரும் அனைவரையும் அழைத்து அமர வைப்போம்.

இறுதிச் சுற்றை, அண்ணன் மீண்டும் மேடையேறும் நாளுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். மருத்துவர் சொல்லும் ஓய்வுக் காலம் முடிந்த பிறகே தேதி அறிவிப்போம். தகுதிச் சுற்றின் வரிசை அப்படியே நிற்கும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், அன்று முழுதாக ஏற்றிய பேட்டரிகளை அப்படியே வைத்திருக்க வேண்டாம். இன்றே செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி, தீத்தாங்கும் பையில் போட்டு, குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.