மாடி அறை விஷயமாக

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. தம்பி விஷயம் இன்னும் இழுபறிதான், அவன் வாயாலேயே கேட்டுக்கொள். போனில் நீ "சரிம்மா, வேலையா இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை உன்னால் வைக்க முடியாது.

மாடி அறையை ஏர்பிஎன்பியில் வாடகைக்கு விட்டிருக்கிறாயே, அந்த லிஸ்டிங்கை அவ்வப்போது பார்க்கிறேன். தப்பாக நினைக்காதே. படமெல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. நன்றாக நடத்துபவர்களுக்குத் தரும் சூப்பர்ஹோஸ்ட் பட்டத்தை உன் பெயருக்குப் பக்கத்தில் பார்க்கும்போது பெருமையாகவும் இருக்கிறது. ஆனால் வீட்டு விதிகள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறாயே, அதை யார் படிப்பார்கள்? ஐந்து போதும். எத்தனை பேர், வெளியாள் வரலாமா, எத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது, புகை, செக்-அவுட் நேரம். புகை என்ற இடத்தில் "பால்கனியும் சேர்த்து" என்று எழுது. "வீட்டுக்குள் கூடாது" என்று மட்டும் எழுதினால் பால்கனியில் நின்று பிடித்துவிட்டு, வெளியேதானே பிடித்தோம் என்பார்கள். எல்லாமே புக் செய்வதற்கு முன் அவர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு மெசேஜில் புதிதாக ஒரு விதி அனுப்பினால், தகராறு என்று வரும்போது அது எடுபடாது.

யாரை உள்ளே விடுகிறாய் என்பதிலேயே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும். இன்ஸ்டன்ட் புக், அதாவது உன்னைக் கேட்காமலே புக் ஆகிற வசதி, வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதற்குமுன் தங்கிய இடங்களில் நல்ல பெயர் எடுத்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டு வை. புக்கிங் வந்ததும் மூன்று கேள்வி கேள்: யார் யார் வருகிறீர்கள், என்ன வேலையாக, எத்தனை மணிக்கு. நல்லபடியாகத் தங்கப் போகிறவர் ஒரே வரியில் பதில் போட்டுவிடுவார். அதே ஊரிலேயே வீடு வைத்துக்கொண்டு சனிக்கிழமை ஒரு ராத்திரிக்கு மட்டும் கேட்பவர், முதல் மெசேஜிலேயே விலை பேசுபவர், "நண்பருக்காகப் போடுகிறேன், நான் வரமாட்டேன்" என்பவர், இவர்களிடம் ஜாக்கிரதையாக இரு. இதில் கடைசி ஆள்தான் பெரிய தலைவலி. ஏதாவது உடைந்தால் உடைத்தவர் பெயரில் புக்கிங் இருக்காது, புக் செய்தவரோ அந்தப் பக்கமே வந்திருக்கமாட்டார்.

சத்தம் வந்தால் படியேறிப் போய்க் கதவைத் தட்டாதே. ராத்திரியில் தனியாகக் கூடவே கூடாது. ஆப்பில் மெசேஜ் போடு: "மணி 11.20. மாடியில் பாட்டுச் சத்தம் கீழே கேட்கிறது. 11.30க்குள் நிறுத்திவிடுங்கள்." அவ்வளவுதான். "முடிந்தால், கொஞ்சம், தயவுசெய்து" எல்லாம் வேண்டாம். உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் குழைவு உண்டு. நிற்கவில்லையென்றால் இரண்டாவது மெசேஜில் எந்த விதி, மீறினால் அடுத்து யாரைக் கூப்பிடுவாய் என்று எழுது. பத்து நிமிடம் பார், பிறகு எழுதியபடியே சப்போர்ட்டைக் கூப்பிடு. சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டால் அடுத்த ராத்திரி சத்தம் இரண்டு மடங்காகும். பார்ட்டிக்கு ஏர்பிஎன்பி 2020 ஆகஸ்டிலேயே உலகம் முழுக்கத் தடை போட்டது, 2022 ஜூனில் அதை நிரந்தரமாக்கிவிட்டது. அதனால் இதில் நீ கெட்டவளாக வேண்டிய அவசியமே இல்லை, அவர்கள் விதியைச் சொன்னால் போதும்.

கேமரா வைக்கலாமா என்று போன தடவை கேட்டாய். 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் எங்கேயும் கூடாது, அணைத்து வைத்திருந்தாலும் கூடாது. வாசலில் வைத்தால் எந்த இடத்தில் என்று லிஸ்டிங்கில் எழுது. சத்தத்தின் அளவை மட்டும் காட்டும் கருவியைப் பொது இடத்தில் வைக்கலாம். அதையும் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும், படுக்கையறையில் கூடாது.

இனி சேதம். சுத்தம் செய்து முடித்ததும், கெஸ்ட் வருவதற்கு முன், வாசலில் நின்று வலப்பக்கமாக ஆரம்பித்து ஒரு சுற்று வீடியோ எடு. ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் எடுத்தால்தான் பின்னால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மெத்தை விரிப்பைத் தூக்கி மெத்தையையும் எடு, மேசையின் மேல்பரப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடு. நேர் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. அவர்கள் போனதும், துடைக்க வருகிற பெண் எதையும் தொடுவதற்கு முன் மறுபடி எடுக்கச் சொல். கறை இருந்தால் தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, கிட்டத்துப் படத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ பக்கத்தில் வைத்து. புகை வாடையைப் படம் எடுக்க முடியாது. சாம்பல், துண்டு பீடி, தீய்ந்த துணி எது கிடைத்தாலும் எடு, வாடையைப் போக்க ஆள் வைத்தால் அந்த பில்லில் எதற்காக என்று எழுதி வாங்கு.

ஈடு கேட்பதற்கு அவர்கள் கிளம்பிய நாளிலிருந்து 14 நாள் இருக்கிறது. ஆனால் 14 நாள் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதே. அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டால், இது யார் செய்தது என்ற கேள்வி கிளம்பும். முதலில் ஏர்பிஎன்பியில் பணத் தகராறுக்கென்று இருக்கும் ரிசொல்யூஷன் சென்டர் வழியாகக் கெஸ்டிடம் கேள். 24 மணி நேரத்தில் கொடுக்கவில்லை என்றால் ஏர்கவருக்கு, அதாவது சேதத்துக்குக் கம்பெனியே ஈடு தரும் ஏற்பாட்டுக்கு, போகலாம். 30 லட்சம் டாலர் வரைக்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதே, பொருள் வாங்கிய பில்லும் தேதியும் இருந்தால்தான் பேச்சு. பழகித் தேய்ந்ததற்குக் கிடைக்காது. தலையணைக்குக் கூட பில்லை ஒரு உறையில் போட்டு வை. நீ வைக்கமாட்டாய். வை.

பணம் திருப்பிக் கேட்பதற்கென்றே குறை சொல்லும் ஒரு ரகம் உண்டு. கிளம்புகிற அன்றைக்குக் காலையில்தான் வெந்நீர் வரவில்லை என்பார்கள். அதற்கு மருந்து, வந்த அன்று சாயங்காலமே "எல்லாம் சரியாக இருக்கிறதா, ஏதாவது வேண்டுமா" என்று ஆப்பில் ஒரு வரி. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் எழுதிய பதில் அங்கேயே கிடக்கும். குறையைப் பார்த்த 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று கம்பெனியின் விதியும் இருக்கிறது. உண்மையான குறை என்றால் ஒரு தடவை மன்னிப்புக் கேள், எப்போது சரியாகும் என்று மணியைச் சொல், அதற்குள் சரிசெய். "பணம் கொடு, இல்லாவிட்டால் ஒரு ஸ்டார் போடுவேன்" என்று யாராவது சொன்னால் அதுவே விதிமீறல். போனில் சொன்னால், வைத்த உடனே "நீங்கள் இப்போது போனில் கேட்டது இது, நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா" என்று ஆப்பில் எழுது. பாதிப் பேர் அத்தோடு அடங்கிவிடுவார்கள்.

மாடி அறையின் நாள்காட்டி இந்த மாதம் முழுக்க அடைத்திருக்கிறது. போன மாதமும் அப்படியே. நடுவில் ஒரு ரிவ்யூ கூட வரவில்லை. பெயிண்ட் அடிக்கிறாய் போலிருக்கிறது.

பொதுவாக ஒன்று சொல்லி வைக்கிறேன். தங்க வந்தவர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன், கமிஷன் எதற்கு, கையில் கொடுத்துவிடுகிறேன் என்பார். அந்த வார்த்தைக்கு மட்டும் தலையாட்டக் கூடாது. ஆப்புக்கு வெளியே வாங்கிய நாளுக்கு ஏர்கவர் கிடையாது, சப்போர்ட் கிடையாது. அதைவிடப் பெரிது, பல நாடுகளில் குறிப்பிட்ட நாளுக்கு மேல் தொடர்ந்து தங்கினால் அவர் கெஸ்ட் இல்லை, குடியிருப்பவர். பல இடங்களில் அந்தக் கோடு 30 நாள், சில இடங்களில் அதற்கும் குறைவு. கோட்டைத் தாண்டிவிட்டால் பூட்டை மாற்றுவதும், கரண்டை நிறுத்துவதும், சாமானை வெளியே வைப்பதும் உன் மேல்தான் குற்றமாகும். கோர்ட் வழியாகத்தான் கிளப்ப வேண்டியிருக்கும். உன் அத்தை வீட்டுக் கதை உனக்குத் தெரியாததில்லை. அதிகபட்சம் எத்தனை ராத்திரி என்ற செட்டிங்கை அந்தக் கோட்டுக்குக் கீழே வைத்துவிடு.

அப்படி யாராவது நாள் தாண்டி உட்கார்ந்திருந்தால், கெட்ட ரிவ்யூ போடுவார் என்று பயந்து பேசாமல் இருப்பதுதான் ஆகாத காரியம். நாள் கடந்து தங்கியவர், பொருளை உடைத்தவர், பார்ட்டி வைத்தவர் பழிவாங்கப் போடும் ரிவ்யூவை நீக்கச் சொல்லி முறையிட வழி இருக்கிறது. நீங்காமல் போனாலும், சூப்பர்ஹோஸ்டுக்குக் கணக்குப் பார்ப்பது கடைசி 365 நாளைத்தான். சராசரி ஸ்டார் பட்டத்துக்கு வேண்டிய 4.8க்குக் கீழே போனால் போகட்டும். அந்தப் பட்டத்துக்காக நீ உன் வீட்டிலேயே மெதுவாக நடக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது வரிசையாக. புக்கிங் எந்தத் தேதியில் முடிந்தது, பிறகு எந்தெந்தத் தேதியில் எவ்வளவு கைக்கு வந்தது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுது. மேற்கொண்டு ஒரு பைசா வாங்காதே, வாங்கினால் தங்கச் சம்மதித்ததாக ஆகிவிடும். வக்கீலிடம் முதலில் ஒரே ஒரு கேள்வி: இவர் இப்போது கெஸ்டா, குடியிருப்பவரா? பதில் கெஸ்ட் என்றால் சப்போர்ட்டையும் போலீஸையும் கூப்பிடலாம். குடியிருப்பவர் என்றால் வக்கீல் சொல்கிற நோட்டீஸ்தான், நீயாக எதுவும் எழுதாதே. அதுவரை வாய்ச்சண்டை வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். உன் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே போடு. பேசும்போது "நான்" என்று சொல்லாமல் "நாங்கள்" என்று சொல்.

பெயிண்ட் வேலைதான் என்றால் எந்த நிறம் என்று ஒரு போட்டோ அனுப்பு. வேறு என்றால் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சேர்ந்தே வருகிறோம், டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன், அவரிடம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: வெள்ளைத் துண்டில் மேக்கப் கறை படிகிறது என்றாயே. கறுப்பில் இரண்டு சின்ன முகத்துண்டு வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வை, தானாக அதை எடுப்பார்கள். படிந்ததற்கு, துவைக்கும் முன் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தேய்த்து ஊறவை. ரத்தக் கறை என்றால் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும்.