எங்கள் வீட்டில் இரண்டு ஏசா

அன்புள்ள எஸ்தர்,

பதில் போடாததற்கு நீ திட்டி எழுதியது கிடைத்தது. இன்னும் இரண்டு வரி சேர்த்தே திட்டியிருக்கலாம். இங்கே அப்பாவைத் தவிர எல்லோரும் நலம். அவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. குரலை வைத்துத்தான் ஆளைச் சொல்கிறார். விஷயம் அதுவல்ல. சின்னண்ணன் குடும்பத்தோடு வந்துவிட்டான்!

வாசலிலேயே பெரியண்ணன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே போதகர் வேதத்தில் ஆதியாகமம் 33ஐ எடுத்துக்கொண்டார். அப்பாவின் ஆசீர்வாதத்தைத் தன்னிடமிருந்து தந்திரமாகப் பறித்துப் போன தம்பி யாக்கோபை, அண்ணன் ஏசா எதிர்கொண்டு ஓடிவந்து முத்தமிடும் இடம். சபையே எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கூத்து. பெரியண்ணன் தன்னை ஏசா என்கிறான்: மூத்தவன், தம்பி படிப்புக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவன். சின்னண்ணனும் தானே ஏசா என்கிறான்: வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார் என்கிறான். யாக்கோபாக இருக்க ஆளே இல்லை. இஸ்ரவேல் என்று கர்த்தரிடம் பெயர் வாங்கிய யாக்கோபுக்கு எங்கள் வீட்டில் இவ்வளவுதான் மரியாதை! மதினி என்னை, இளையவன் யாக்கோபுக்குப் பரிந்த அவர்கள் அம்மா ரெபெக்காள் ஆக்கிவிட்டாள். சின்னவனுக்குப் பரிந்து பேசுகிறேனாம். பேசுவேன், அதற்கென்ன?

மதினிக்குப் பதில் சொல்ல வசனம் தேடித்தான் அந்த அதிகாரத்தைப் பிரித்தேன். முத்தத்துக்கு முன்னால் ஒரு வரிசை வருகிறது, கவனித்திருக்கிறாயா? ஏசா 400 பேரோடு வருகிறான் என்றதும் யாக்கோபு, பணிப்பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் முதலில் நிறுத்துகிறான். அடுத்து மூத்த மனைவி லேயாளும் பிள்ளைகளும். கடைசியில் அவன் ஆசை மனைவி ராகேலும் அவள் மகன் யோசேப்பும். தான் எல்லோருக்கும் முன்னே நடந்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அடி விழுந்தால் யார்மேல் முதலில் விழலாம் என்று தகப்பனே முடிவு செய்திருக்கிறான். பெரியவர்கள் கட்டித் தழுவியதை அந்தப் பையன்கள் பார்த்தார்கள். தாங்கள் நின்ற இடத்தையும் பார்த்திருப்பார்கள்தானே? 37ஆம் அதிகாரத்தில் அந்தச் சகோதரர்கள் யோசேப்பைக் குழியில் போடுகிறார்கள்; 20 வெள்ளிக்காசுக்கு அவன் விலைபோகிறான். அதற்கு, தகப்பன் யோசேப்புக்கு மட்டும் செய்து கொடுத்த அந்தப் பலவருண அங்கியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதைப் படித்ததிலிருந்து பெரியண்ணன் மகன்தான் என் கண்ணில் நிற்கிறான். அப்பாவைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டிவிட்டு, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவன்தான். சின்னண்ணன் மகள் வந்த நாளிலிருந்து அப்பா அவள் கையை விடுவதில்லை. அவள் பாடினால் முகம் மலர்கிறது. நேற்று அவள் பாடிக்கொண்டிருந்தபோது இவன் அப்பாவின் ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றான். "துண்டைக் கொடியில் போடுடா" என்றான் பெரியண்ணன். போட்டான். திரும்பி அந்த அறைக்குள் வரவில்லை. யார் ஏசா என்று வழக்காடும் இருவரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

பெரியப்பா வேறு, இனி எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். வேதத்திலேயே அது நடக்கவில்லை! சேர்ந்து போகலாம் என்று ஏசா கூப்பிடுகிறான். பிள்ளைகள் இளசு, கறவை ஆடுமாடு இருக்கிறது, நீ முன்னே போ, நான் மெதுவாக உன் ஊரான சேயீருக்கு வருகிறேன் என்கிறான் யாக்கோபு. ஏசா சேயீருக்குத் திரும்பினான். இவன் நேராகச் சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொண்டான். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அவர்கள் அப்பா ஈசாக்கு இறந்தபோது இருவரும் சேர்ந்துதான் அடக்கம் செய்தார்கள். என் அண்ணன்களுக்கு அவ்வளவு வாய்த்தால் எனக்குப் போதும். தனித்தனி வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.

பையன் விஷயம்தான் அப்படி விட முடியவில்லை. அத்தை பஞ்சாயத்துக்கு வந்துவிட்டாள் என்று மதினி சொல்லாதபடி அவனிடம் பேச வேண்டும். இத்தனை வருடம் அவன் வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நீ. எப்படித் தொடங்குவது என்று உடனே எழுது. வசனம் மட்டும் வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

அன்புடன்,
மேரி