மலை இடுக்கிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

கணுக்கால் ஆறிவிட்டது. போன வாரம் மறுபடியும் காட்டுப்பாதையில் 8 கிலோமீட்டர் ஓடினேன். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியதும் முதலில் தோன்றியது இந்தக் கடிதம்தான். உங்களில் சிலருடைய பெயர் எனக்குத் தெரியாது, ஒருவருடைய முகம்கூடத் தெரியாது. நேரில் வந்து சொல்ல வழியில்லாததால் பொதுவில் எழுதுகிறேன். யார் மூலமாகவாவது உங்களிடம் வந்து சேரட்டும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 31 கிலோமீட்டர் வழி, மொத்த ஏற்றம் 1,500 மீட்டர். காட்டுப் பள்ளத்தாக்கில் ஏறி, மலைமுதுகைத் தாண்டி, மறுபக்கம் ஆறு அறுத்துப்போட்ட இடுக்குக்குள் இறங்கி, ஆற்றை ஒட்டியே வெளியே வர வேண்டும். காலை 6 மணிக்குத் தனியாகக் கிளம்பினேன். 19ஆவது கிலோமீட்டரில், பாறைக்குப் பாறை தாவிப் போகும் இடத்தில், பாசி பிடித்த கல்லில் வலது கால் வழுக்கி உள்பக்கமாக மடங்கியது. உள்ளே ஏதோ தெறித்த மாதிரி ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் காலை ஊன்ற முடியவில்லை.

அப்போது மணி பத்தரை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஆற்று இரைச்சல், போனில் சிக்னல் இல்லை. கையிலிருந்த ஜிபிஎஸ் கடிகாரம் நான் எதிர்க்கரைப் பாறைக்குள் இருப்பதாகக் காட்டியது. இடுக்குகளில் இது சகஜம். வானம் ஒரு கீற்றுதான் தெரியும் என்பதால் சில செயற்கைக்கோள்களே அகப்படும். அவற்றின் அலைகளும் பாறைச்சுவரில் மோதித் திரும்பி வந்து கணக்கைக் குழப்பிவிடும். ஆக, நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லவும் முடியாது, சொன்னால் கேட்க ஆளும் இல்லை.

விசிலை எடுத்து ஊதினேன். நிமிடத்துக்கு 6 முறை, அப்புறம் ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடியும் 6. ஆல்ப்ஸ் மலையேறிகளிடமிருந்து உலகம் எடுத்துக்கொண்ட அபாயக் குறி அது. கேட்டவர் நிமிடத்துக்கு 3 முறை பதில் தர வேண்டும். முக்கால் மணி நேரம் ஊதியிருப்பேன். உதடு காய்ந்து, ஊதுகிற காற்றே சத்தமாக மாறாத நிலைக்கு வந்தபோது, மேலே மரங்களுக்குள்ளிருந்து மூன்று விசில் வந்தது. ஆற்றுச் சத்தமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டுக் காத்திருந்தேன். மறுபடியும் மூன்று. அதைக் கேட்டதும் கண்ணீர் வந்துவிட்டது.

விசிலுக்குப் பதில் தந்த தம்பதிக்குத்தான் முதல் நன்றி. அம்மா, நீங்கள் வந்ததும் பதற்றப்படாமல் என் எதிரே உட்கார்ந்து பெயரைக் கேட்டீர்கள், தலையில் அடிபட்டதா என்று கேட்டீர்கள், விரல்களை அசைக்கச் சொன்னீர்கள். "ஷூவைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் வீங்கிப்போய் மறுபடி நுழையாது" என்று சொல்லிவிட்டு, ஷூவுக்கு மேலேயே துணிப்பட்டையை எட்டுப்போல் சுற்றிக் கட்டினீர்கள். குதிகாலுக்குக் கீழே கொண்டுபோய், முன்னங்காலில் குறுக்காக ஏற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் "இறுக்கமா இருக்கா, மரத்துப்போகுதா" என்று கேட்டுக்கொண்டே கட்டிய அந்த விரல்கள் இப்போதும் என் கண்முன் நிற்கின்றன. அதற்குள் ஐயா என் பையிலிருந்த வெள்ளித்தாள் போர்வையைப் பிரித்து என் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார். வியர்த்த உடம்போடு நிழலில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு சீக்கிரம் நடுக்கம் வரும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒருவர் முன்னால் போய் ஆள் கூட்டி வரலாமா என்றும் பேசினோம். வெளியே போகக் கிட்டத்தில் இருந்தது 4 கிலோமீட்டர் கிளைப்பாதை ஒன்றுதான். அது உங்கள் இருவருக்கும் புதியது, பல இடங்களில் மங்கலாகவும் இருக்கும். தெரியாத பாதையில் யாரையும் தனியாக அனுப்ப வேண்டாம், மூன்று பேரும் ஒன்றாகவே போவோம் என்று நீங்கள் முடிவெடுத்தீர்கள். ஆளுக்கொரு கைத்தடி என்று இரண்டையும் என்னிடம் தந்துவிட்டு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராக வந்தீர்கள். ஏற்றத்தில் பத்து அடிக்கு ஒருமுறை நின்றேன். ஒருமுறைகூட என்னை அவசரப்படுத்தவில்லை.

அந்தக் கிளைப்பாதை எனக்கு எப்படித் தெரிந்தது? அச்சிட்ட வரைபடத்தில் அது இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் இருந்தது. 2004இல் தொடங்கிய அந்த வரைபடத்தை இன்றுவரை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத சாதாரண ஆட்கள்தான். அப்படி ஒருவர் என்றைக்கோ அந்த வழியே நடந்து, புள்ளிக்கோடாக வரைந்து, பாதை சரியாகத் தெரியாது என்ற குறிப்பையும் ஓடையைக் கடக்கும் இடத்தையும் சேர்த்துவைத்திருக்கிறார். முகமே தெரியாதவர் என்று சொன்னேனே, அது நீங்கள்தான். அந்தக் குறிப்பைப் போடாமல் வெறும் கோட்டை மட்டும் வரைந்திருந்தால், பாதை மறைந்த இடங்களில் வழி தவறிவிட்டது என்று நினைத்துத் திரும்பியிருப்போம். தெளிவாக இல்லாததைத் தெளிவாக இல்லை என்றே எழுதிவைத்த உங்கள் நேர்மைக்குத் தனியாக நன்றி.

அடுத்தது அக்கா. அவள் ஓடுகிறவள் இல்லை. ஆனால் ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்கு முன்பும் என் திட்டத்தைத் தாளில் எழுதித் தரச் சொல்வாள். நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892இல் சொன்ன கணக்கு எங்களுக்கு அடிப்படை: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 31 கிலோமீட்டர் முழுவதையும் நடந்தே வந்தாலும் ஏறத்தாழ 8 மணி 40 நிமிடம் ஆகும். அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து, மாலை 4 மணிக்குள் செய்தி வராவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தோம். பலரும் இந்த இடத்தில்தான் தயங்குவார்கள். இன்னும் அரை மணி பார்ப்போம், வந்துவிடுவான், வந்துவிடுவாள் என்று இருந்துவிடுவார்கள். அக்கா 4 மணிக்கு போனைப் போட்டாள்.

போனை எடுத்தவர் எந்தக் கரை என்று கேட்டிருக்கிறார். அந்த ஆற்றின் இரு கரைகளுக்கும் வெவ்வேறு சாலைகள். தப்பான பக்கம் போனால் சுற்றி வருவதற்குள் இருட்டிவிடும். அக்கா தாளைப் பார்த்து, "17ஆவது கிலோமீட்டருக்கும் 22ஆவது கிலோமீட்டருக்கும் நடுவில் ஏதாவது ஆனால் இடக்கரைக் கிளைப்பாதை, ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடதுபக்கம்" என்று படித்துக் காட்டினாள். அந்த ஒரு வரியால்தான் குழு நேராக எங்கள் தலைக்கு மேலே வந்து இறங்கியது.

அந்த வரியை எழுதச் சொல்லிக்கொடுத்தது என்னை முதன்முதலில் மலைப்பாதைக்குக் கூட்டிப்போன அண்ணன். கரை என்று சொன்னால் எப்போதும் நீரோட்டத்தின் பக்கம் முகம் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்பார். ஆற்றைக் கடக்கும்போது பையின் மார்பு வாரையும் இடுப்பு வாரையும் கழற்றிவிடு, விழுந்தால் பையோடு இழுத்துப்போகக் கூடாது என்பார். "தலைக்கு மேல் இருக்கிற வானத்தைப் பார்க்காதே, ஆற்றின் தலைமாட்டு வானத்தைப் பார்" என்று அவர் சொன்னது இடுக்கு ஓட்டத்தின் உயிர்நாடி. மேலே எங்கோ பெய்த மழை, வெயில் அடிக்கும் இடுக்குக்குள் வெள்ளமாக வந்து நிற்கும். அன்று காலை நீர்ப்பிடிப்புப் பகுதியின் வானிலையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். அண்ணா, அவ்வளவு நேரம் கால் நகர முடியாமல் ஆற்றோரம் கிடந்தபோது தண்ணீரைப் பற்றி ஒரு பயமும் வரவில்லை. அது நீங்கள் கொடுத்தது.

ஐந்து மணி தாண்டியதும் இடுக்கில் வெளிச்சம் போய்விட்டது. மலைமுகட்டில் இன்னும் வெயில் தெரிந்தது. எங்களுக்குக் கீழே குளிர்காற்று வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மேலிருந்து நெற்றிவிளக்குகள் வரிசையாக வந்தன. ஆறு பேர், ஆறு பேருமே தன்னார்வலர்கள். உங்களில் ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், அலுவலகச் சட்டைமேலேயே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது "இடது கால் வைக்கிறேன், கல் ஆடுது" என்று முன்னால் இருப்பவர் சொல்ல, அதைப் பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். கடைசி ஒன்றரை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு குலுக்கல்கூட இல்லை.

அந்தப் பாதையில் குறுக்கே விழுந்திருந்த மரங்களை யாரோ முன்பே அறுத்து ஒதுக்கியிருந்தார்கள். மழைநீர் பாதையோடு ஓடி அரித்துவிடாமல், ஓரத்துக்குத் திருப்பிவிடச் சாய்வாகப் பதித்த கற்களும் அங்கங்கே இருந்தன. அதுவரை மற்ற பாதைகளில் இப்படிப்பட்டவற்றைத் தாண்டி ஓடியிருக்கிறேனே தவிர, கவனித்ததில்லை. படுத்தபடி போகும்போது விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்த அந்தக் கைகளுக்கும் நன்றி.

அமெரிக்காவில் மலைப்பாதையில் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டம் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அதற்கு வித்திட்டவராக, 1974இல் குதிரைப் பந்தயத்தில் குதிரையில்லாமல் ஓடி, 24 மணி நேரத்துக்குள் முடித்த கோர்டி ஐன்ஸ்லீதான் என் மனசில் நிற்பார். இப்போது வேறொரு காட்சி நிற்கிறது. அந்த ஓட்டத்தில் அமெரிக்கன் ஆற்றைக் கடக்கும் இடத்தில், நீர் அனுமதிக்கும் ஆண்டுகளில், தன்னார்வலர்கள் குளிர்ந்த தண்ணீருக்குள் வரிசையாக நின்று, கயிற்றைப் பிடித்து வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கரை சேர்ப்பார்கள். இரவிலும் அப்படியே நிற்பார்கள். அவர்களுடைய படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

எலும்பு முறியவில்லை, வெளிப்புறத் தசைநார் பாதி கிழிந்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் என்னை வெகுநாள் படுக்கவிடவில்லை. சீக்கிரமே மெதுவாக அசைக்க வைத்தார், அப்புறம் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். முதல் நாள் 4 விநாடி, இப்போது 50. மேடம், உங்கள் பொறுமைக்கு நன்றி.

கடைசியாகத் தம்பதிக்கு ஒரு செய்தி. ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய அவசரத்தில் உங்கள் கைத்தடி ஒன்று என்னோடு வந்துவிட்டது. பிடியில் நீல நாடா சுற்றியது. முனை ரப்பர் தேய்ந்திருந்தது, புதிதாக மாற்றிவைத்திருக்கிறேன். எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வருகிறேன்.

அன்புடன்,
19ஆவது கிலோமீட்டரில் விசில் ஊதிய ஆள்