மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகளையும் எச்-குறியீட்டையும் பாராட்டிய தங்கள் செய்தியைப் படித்தேன், மகிழ்ச்சி. ஆனால், 2005-இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அந்தக் குறியீடு 20 என்றால், ஒருவரின் 20 கட்டுரைகள் பிற ஆய்வுக் கட்டுரைகளில் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டுள்ளன, அவ்வளவுதான். நோயாளிக்கு என்ன பயன் என்பதை அது சொல்லாது. காரைக்குடியில் நான் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) வளர்ந்த ஈ.கோலை பாக்டீரியா எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று நோட்டில் எழுதி வைப்போம். டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்தை மாற்றுவார். அந்த நோட்டை எந்த ஆய்விதழும் மேற்கோள் காட்டியதில்லை!

ஆய்வாளர்களின் பதவி உயர்வை முடிவு செய்யும்போது, உள்ளூர் மருத்துவமனைகளோடு சேர்ந்து செய்த இத்தகைய பணிக்கும் நம் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண் தர வேண்டும்.

- ஒரு வாசகர், காரைக்குடி