ஏஞ்சல் முட்டை

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ போனில் அழுததை அம்மாவுக்குச் சொல்லவில்லை. உன் தொட்டி ஏஞ்சல் மீன்கள் மூன்று தரம் முட்டை விட்டு, மூன்று தரமும் விடிய எழும்பிப் பார்க்க இலை வெறுமையாய்க் கிடந்தால் யாருக்கும் மனம் விட்டுத்தான் போகும். "இதுகளும் தாய் தகப்பனா அப்பா?" என்று கேட்டாய். பதில் சொல்லாமல் போனை வைத்தது இரவு முழுக்க நெஞ்சை அரித்தது. அதுதான் எழுதுகிறேன்.

நீ ஸ்கொலசிப் சோதனைக்குப் படித்த வருடம் பின் வளவில் சீப்ரா மீன் வளர்த்தோமே, நினைவிருக்கா? விடிய வெளிச்சம் பட்டதும் ஒன்றையொன்று துரத்தித் துரத்தி முட்டை சிந்தும். சிந்திய கையோடு திரும்பி வந்து அதையே பொறுக்கித் தின்னும். தன் முட்டை என்ற எண்ணமே அதற்குக் கிடையாது. கீழே விழுகிற சின்ன உருண்டை எல்லாம் சாப்பாடுதான். அண்ணனின் கண்ணாடிப் போளைகளை எல்லாம் வாங்கி அடியில் இரண்டு அடுக்காகப் பரப்பினோம். முட்டை இடுக்குகளுக்குள் விழுந்துவிட்டது, மீனின் வாய் எட்டவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடியில் ஊசிமுனை போல ஒட்டிக்கொண்டிருந்த குஞ்சுகளை முதலில் கண்டது நீதான்.

வாவிக் கெளுத்தி வேறு சாதி. ஆண்தான் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். அவ்வளவு நாளும் இரை எடுக்காது. வாய் உப்பின கெளுத்தி வலையில் வந்தால் உன் அப்பப்பா திருப்பி வாவியிலேயே விட்டுவிடுவார்.

உன் ஏஞ்சல் இந்த இரண்டுக்கும் நடுவில். அதற்குக் காக்கத் தெரியும். செட்டையால் விசிறும், பழுதான முட்டையைக் கொத்தி எடுக்கும். ஆனால் புதுச் சோடி பயந்தால் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நான் முதன்முதல் ஏஞ்சல் வளர்த்தபோது இரவிரவாக டோர்ச் அடித்து அடித்துப் பார்த்தேன். மீன் கண் மூடாது, மகள். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அந்தச் சோடி எப்படி அடித்துக்கொண்டது என்று இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. விடிய ஒரு முட்டை இல்லை. தின்றது அதுகள்தான், தின்ன வைத்தது நான்.

அதனால் அடுத்த தரம் தொட்டியின் மூன்று பக்கமும் கடதாசி ஒட்டு. லைட்டைப் பட்டென்று அணைக்காதே. அறையில் ஒரு சின்ன பல்பு விடியும்வரை எரியட்டும். அந்தத் தொட்டியில் சக்கர் மீன் ஒன்று நிற்பதாகச் சொன்னாய். அதை இன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்று. இருட்டில் முட்டையை நக்கித் துடைத்துவிடும், பழி தாய்க்குப் போகும்.

இன்னொன்று கேட்க மறந்தேன். மறைவதற்கு முன் முட்டை என்ன நிறத்தில் இருந்தது? நல்ல முட்டை இளந்தேன் நிறத்தில் கண்ணாடி போலத் தெரியும். எல்லாமே வெள்ளையாகிப் போனதென்றால் அது கருக்கட்டாத முட்டை. அதைத் தின்பது துப்புரவுதான். இரண்டு பெண் மீன்களும் சோடி சேர்ந்து முட்டை விடுவதுண்டு. முட்டை விடும் நேரத்தில் வயிற்றின் அடியில் வரும் குழலைப் பார்: பெண்ணுக்குத் தடிப்பாக, நுனி மழுங்கி இருக்கும், ஆணுக்கு மெல்லிசாக, கூராக இருக்கும்.

நல்ல முட்டையாயிருந்தால் அடுத்த தரம் மட்டும் பிரித்து எடு. பிவிசி பைப் துண்டு ஒன்றைத் தொட்டியில் சரிவாக நிறுத்தி, அகல இலைச் செடியை வெளியே எடுத்துவிடு, பைப்பில் விடும். அதே தொட்டித் தண்ணீரைப் போத்தலில் எடுத்து, பைப்பை அதற்குள் மாற்று. காற்றில் அதிகம் வைக்காதே. காற்றுக் குமிழி முட்டையில் அடிக்காமல் பக்கத்தில் போகட்டும், அதுதான் இனித் தாயின் செட்டை. பூஞ்சணத்தைத் தடுக்கிற மெதிலீன் புளூ மருந்து சில துளி, தண்ணீர் நீலம் பாரிக்கும் அளவுக்கு. வெள்ளையாகிறதைத் துளிசொட்டியால் எடுத்து எறி, விட்டால் பூஞ்சணம் பக்கத்து முட்டைக்கும் ஏறும். 27, 28 பாகை செல்சியஸ் சூட்டில் இரண்டரை நாள் போலப் பொரிக்கும். பிறகு ஐந்து நாள் அளவுக்கு ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டும், அப்போது தீன் போடாதே, வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. நீந்தத் தொடங்கினால்தான் ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் குஞ்சு. அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் ஒரு நாள் முந்தியே ஊறப்போட வேண்டும். குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றாதே. வாளியில் ஒரு நாள் வைத்துக் குளோரின் போனபிறகு ஊற்று.

முட்டையை எடுத்தால் இரண்டு கிழமைக்குள் திரும்பவும் விடும். அப்போது அதுகளிடமே விட்டுப் பார். தாயும் தகப்பனும் குஞ்சுக் கூட்டத்தை நடுவில் விட்டு ஓட்டிக்கொண்டு போவதை நீ பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மாமா புதன்கிழமை உதயதேவி ரயிலில் கொழும்புக்கு வருகிறார். பைப் துண்டு இரண்டு கொடுத்துவிடுகிறேன், ஓரமெல்லாம் அரத்தால் தேய்த்துவிட்டேன், செட்டை கீறாது. முட்டையின் நிறம் என்னவென்று நாளைக்கே சொல்லு.

அன்புடன்,
அப்பா