பளபளப்பைப் பார்த்து லென்ஸ் வாங்காதீர்கள்

வணக்கம்.

எங்கள் கடைக் கண்ணாடி அலமாரியில் ஒரே கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா லென்ஸ் இரண்டு இருக்கின்றன, உடம்பெல்லாம் தேய்ந்து கிடப்பதற்கு விலை கூடுதல், நேற்று பெட்டியிலிருந்து எடுத்தது போல இருப்பதற்குக் குறைவு, ஏன் இப்படி என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த மடல்.

அந்த கேனான் லென்ஸில் அப்பர்ச்சருக்கு, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் துளைக்கு, பின்னால் இருக்கும் கண்ணாடியில் மங்கல் படிவது எல்லோருக்கும் தெரிந்த குறை. பகல் வெளிச்சத்தில் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால்தான் பால் ஊற்றின மாதிரி தெரியும், படத்தில் எதிர்வெயிலில் கறுப்பு கறுப்பாக இருக்காது. சீக்கிரம் துடைத்தால் போய்விடும், வருஷக்கணக்கில் விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும், அப்புறம் யாராலும் மீட்க முடியாது. தேய்ந்த லென்ஸ் உள்ளே சுத்தமாக இருக்கிறது, பளபளப்பானது அரிபட்டது. விலை வித்தியாசம் அவ்வளவுதான்.

முன் கண்ணாடியில் நாலைந்து மெல்லிய கீறல் இருப்பதற்குப் பயப்பட வேண்டாம், படத்தில் பெரும்பாலும் தெரியாது. 1950களில் வந்த, உள்ளே தள்ளி மடக்கக்கூடிய லைகா சும்மிக்ரான் லென்ஸில் முன் கண்ணாடியின் மேல்பூச்சு (கோட்டிங்) ரொம்ப மென்மை, கீறலே இல்லாமல் கிடைப்பது அபூர்வம். அதைப் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லாதீர்கள், நாங்கள் செய்வதில்லை. கோட்டிங்கும் போகும், கண்ணாடியின் வளைவும் மாறும்.

எந்த கேமராவில் மாட்டப் போகிறீர்கள் என்பதை வாங்கும் முன்பே சொல்லுங்கள், இது முக்கியம். ரேஞ்ச்ஃபைண்டர் வகைக் கேமராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, தனி ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம், லென்ஸின் பின்வளையம் கேமராவுக்குள் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளுவதை நம்பித்தான் ஃபோகஸ் செய்கிறோம், அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் படம் போச்சு. ஜூபிடர் 3 போன்ற சோவியத் லென்ஸ்கள் ஜெர்மனியின் ஜைஸ் சோனார் லென்ஸை ஒட்டிச் செய்தவை, லைகாவின் ஃபோகஸ் கணக்கோடு சரியாகப் பொருந்தாமல் போகலாம். லைகா கேமராவில் மாட்டி எஃப் 1.5இல் முழுதாகத் திறந்து கிட்டத்தில் நின்று ஒரு முகத்தை எடுத்தால் கண்ணுக்குப் பதில் வேறெங்காவது ஃபோகஸ் நிற்கலாம். அடாப்டர் என்ற இணைப்பு வளையம் போட்டு மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் பார்ப்பவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை, திரையில் தெரிவதுதான் படம். ஜூபிடர் 12 என்ற இன்னொரு சோவியத் லென்ஸை வாங்க நினைப்பவர்கள் கேமராவைக் கையோடு கொண்டு வாருங்கள், அதன் பின்பக்கக் கண்ணாடி கேமராவுக்குள் ரொம்ப உள்ளே போகும், சில கேமராக்களில் இடிக்கும்.

சரி, வாங்கியாயிற்று. நம் ஊர்க் காற்றுக்குப் பூஞ்சை பிடிக்க அதிக நாள் வேண்டாம், அதுவும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில், கடலோரம் குடியிருப்பவர்களுக்கு இன்னும் மோசம். தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் வைப்பதைவிடக் கெடுதல் எதுவும் இல்லை, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரியான டிரை கேபினட் வாங்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்திவிடுங்கள்.

தாத்தா காலத்து லென்ஸ் வீட்டில் இருந்தால், தயவுசெய்து நீங்களாகத் திறக்காதீர்கள், எண்ணெய் எதுவும் விடாதீர்கள். அப்படியே கொண்டு வாருங்கள். டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை.