எங்கள் பெண்களுக்கும் ஒரு ஏரியா கொடுங்கள்

கொழும்பில் இயங்கும் நுகர்வுப் பொருள் கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளுக்கு,

வணக்கம். சவர்க்காரம், பால்மா, பிஸ்கட், ஷாம்பு என்று இந்த நாட்டின் எல்லா வீடுகளுக்கும் பொருள் அனுப்புகிறவர்கள் நீங்கள். அதை வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதை உங்கள் விளம்பரங்களே சொல்கின்றன. நான் எழுத வந்தது விற்கிற பக்கத்தைப் பற்றி. அந்தப் பக்கத்தில்தான் என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் கழிந்தது.

உங்கள் கம்பனிகளில் திறமையான பெண்கள் பாதிவழியில் நின்றுபோகிறார்கள். குடும்பம், பிள்ளை, வெளிநாடு என்று நீங்கள் பல காரணம் சொல்வீர்கள். அவையும் உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் முந்திய காரணம் ஒன்று இருக்கிறது. ஒரே நாளில் முகாமைத்துவப் பயிலுநராகச் சேர்கிறார்கள் ஒரு பையனும் ஒரு பெண்பிள்ளையும். பையனைக் குருநாகலுக்கோ பதுளைக்கோ ஏரியா பார்க்க, அதாவது ஒரு பிரதேசத்தின் விற்பனையைப் பொறுப்பேற்று நடத்த, அனுப்புகிறீர்கள். பெண்பிள்ளைக்குத் தலைமை அலுவலகத்தில் பிராண்ட், ஆய்வு அல்லது மனிதவளம். அந்த நேரத்தில் அது அவளுக்குச் செய்த சலுகை மாதிரித் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு பிரிவின் இலாப நட்டத்தை யார் கையில் கொடுப்பது என்று மேசையில் பேச்சு வரும்போது, "அவவுக்கு விற்பனை அனுபவம் இல்லையே" என்று யாரோ ஒருவர் சொல்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும். அனுபவம் கிடைக்காமல் பண்ணியதும் அதே மேசைதான்.

எங்கள் தொழிலில் களம் என்றால் என்ன என்று வெளியார் நினைப்பதைவிட அதில் நிறைய இருக்கிறது. புறக்கோட்டை 4ஆம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரி உங்கள் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்த ஆளைப் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த அறிக்கையிலும் இருக்காது. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக ஏஜென்ட்டின் (ஊரில் உங்கள் பொருளை விநியோகிப்பவரின்) தலையில் சரக்கைக் கட்டினால், மூன்று நாலு மாதத்தில் அது காலாவதியாகி ரிட்டர்னாகத் திரும்பி வரும். அந்தச் சண்டையில் கடைக்காரர் முன்னால் நின்றவருக்குத்தான் ஃப்ரீ இஷ்யூவின் (கடைக்கு இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கிற சரக்கின்) உண்மையான விலை தெரியும். 2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டபோது, போத்தலில் ஷாம்பு வாங்கியவர்கள் சஷேக்கு (சின்னப் பக்கெட்டுக்கு) இறங்கினார்கள். சில்லறைக் கடையின் கடன் கொப்பி அதை முதலில் காட்டியது. தலைமை அலுவலகத்தின் அட்டவணைக்கு அது வந்து சேர நாள் எடுத்தது.

இந்த இடத்தில் தமிழ் பேசும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2009இல் போர் முடிந்த பிறகு வடக்குக்குப் போகும் ஏ-9 பாதை திறந்ததும் கம்பனிகள் எல்லாம் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் ஓடின. அங்கே பெண்களே தலைமை தாங்கும் வீடுகள் எத்தனையோ. மலையகத் தோட்டங்களிலும் வீட்டுச் சாமான் கணக்கைப் பார்ப்பது பெரும்பாலும் பெண்தான். ஒரு பெண் போய்த் தமிழில் கேட்டால் அடுப்படி வரை கூட்டிக்கொண்டு போய்ப் பேசுவார்கள். அப்படிப் போய்த் தமிழில் கேட்கக்கூடிய பெண்கள் உங்களிடம் இருந்தார்கள். கொழும்பு அலுவலகங்களில் இருந்தார்கள்.

இந்திரா நூயியை மேடைகளில் அடிக்கடி உதாரணம் காட்டுகிறீர்கள். சென்னையில் பிறந்து 2006இல் பெப்சிகோவின் தலைமைக்கு வந்தவர் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய காலம். எழுபதுகளின் கடைசியில் அவர் ஜோன்சன் அன்ட் ஜோன்சனில் ஸ்டேஃப்ரீ சானிட்டரி நப்கின்களை இந்தியாவில் அறிமுகம் செய்தார். அப்போது அந்தப் பொருளை விளம்பரம் செய்ய முடியாது. பாடசாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் நேரே போய் மாணவிகளிடம்தான் பேச வேண்டியிருந்தது. (எங்கள் நாட்டில் 2018 வரை இறக்குமதி சானிட்டரி நப்கின்களுக்கு எல்லா வரியும் சேர்த்து 100 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்தப் பொருளைக் கடைகடையாக விற்றுப் பார்த்த பெண்கள் கம்பனிகளின் மேல்மட்டத்தில் நிறைய இருந்திருந்தால், வரியைக் குறைக்கச் சொல்லும் குரல் இன்னும் முன்னமே எழுந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.)

பக்கத்து நாட்டையே பாருங்கள். 1933இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் யூனிலீவருக்கு 2025 ஆகஸ்டில்தான் முதல் பெண் தலைமை கிடைத்தது. பிரியா நாயர் 1995இல் அங்கே சேர்ந்தவர். விற்பனை, சந்தைப்படுத்தல் இரண்டிலும் வேலை பார்த்து, பெரிய பிரிவுகளை முழுப் பொறுப்பில் நடத்திய பிறகு அந்த இடத்துக்கு வந்தார். முப்பது வருடம். அதைக் குறுக்குவழியில் பெற முடியாது. அதனால்தான் முதல் வருடத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

கொழும்பிலும் பெண்கள் தலைமை தாங்கியிருக்கிறார்கள். யூனிலீவர் ஸ்ரீலங்காவை ஷாசியா சையத் நடத்தினார், 2015இல் பாகிஸ்தான் யூனிலீவரின் தலைமைக்குப் போனார். பின்னாளில் ஹஜார் அலபிபி வந்தார். நெஸ்லே லங்காவை ஷிவானி ஹெக்டே நடத்தினார். மூவரும் வேறு நாட்டுச் சந்தைகளில் வளர்ந்து இங்கே வந்தவர்கள். அவர்கள் சொன்னதை இங்குள்ள விற்பனைக் குழுக்களும் ஏஜென்ட்டுகளும் கேட்டு நடந்தார்கள், வியாபாரமும் நடந்தது. ஆகவே இலங்கைச் சந்தை பெண்ணை ஏற்காது என்ற பேச்சு எடுபடாது. 2020இல் கஸ்தூரி செல்லராஜா வில்சன் ஹேமாஸ் குழுமத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரி ஆனபோது என்னைப் போன்றவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று சொல்லி முடியாது. எங்கள் மத்தியிலிருந்து வந்த ஒருவர்.

என் சொந்த அனுபவம் ஒன்று. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பனியில் பிராந்திய விற்பனை முகாமையாளர் பதவிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் என் விற்பனைத் திட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. பண்டிகைக் காலத்தில் ஹட்டனில் தங்க முடியுமா, வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்றுதான் கேட்டார்கள். எனக்குப் பின் உள்ளே போனவரிடம் அவர் மனைவி என்ன சொல்வார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சட்டத்தைக் காரணம் காட்டுகிறவர்களும் உண்டு. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் பெண்களின் இரவு வேலைக்குக் கட்டுப்பாடு விதித்தது உண்மை. ஆனால் புதுப் பொருள் அறிமுக விழா என்றால் இரவு எத்தனை மணியானாலும் அதே பெண்களை நிறுத்தி வைக்கிறோம், வாகனம் கொடுத்து வீட்டில் இறக்கிவிடுகிறோம். அந்த வாகனம் ஏரியாவுக்கும் போகலாம்.

மகப்பேற்று விடுமுறை இன்னொன்று. வாராந்த விடுமுறையும் போயா நாட்களும் நீங்கலாக 84 நாட்கள். தனியார் துறையில் அந்தச் சம்பளம் முழுவதும் கம்பனி தலையில் விழுகிறது என்பது எனக்கும் தெரியும். அரசாங்கம் அதில் பங்கெடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் நானும் கையெழுத்து வைப்பேன். ஆனால் விடுமுறை முடிந்து வருகிற பெண்ணிடமிருந்து அவளுடைய ஏரியாவைப் பறித்து, "லேசான" வேலை என்று ஒரு மூலையில் உட்கார வைப்பதற்கும் அந்தச் செலவுக்கும் சம்பந்தமில்லை. அவள் அதைக் கேட்கவில்லை. அவளிடம் கேட்கவுமில்லை.

அப்புறம், சொல்ல எல்லாரும் கூச்சப்படுகிற விஷயம்: கழிப்பறை. எத்தனை ஏஜென்ட் ஸ்டோர்களில் பெண்கள் பாவிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது? ரூட்டில் போகிற பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். ஏஜென்ட்டோடு ஒப்பந்தம் எழுதும்போது லொறி எத்தனை, களஞ்சியம் எத்தனை சதுர அடி என்றெல்லாம் எழுதுகிறீர்கள். இதையும் ஒரு வரி எழுதுங்கள். தங்குவதற்கு ஒழுங்கான விடுதிகளின் பட்டியலை ஊர் ஊராகக் கம்பனியே வைத்திருக்கட்டும். பெரிய செலவு ஒன்றுமில்லை.

உங்கள் ஆண்டறிக்கைகளில் மொத்த ஊழியர்களில் பெண்கள் இத்தனை சதவீதம் என்று போடுகிறீர்கள். அடுத்த அறிக்கையில் விற்பனைப் பிரிவை மட்டும் தனியாக, பதவி பதவியாகப் பிரித்துப் போடுங்கள். அடுத்த பயிலுநர் தொகுதியில் சேரும் பெண்கள் எல்லாருக்கும் முதல் வருடமே ஒரு ஏரியாவும் ஒரு டார்கெட்டும் கொடுங்கள், பையன்களுக்குக் கொடுக்கிற அதே அளவில். அவர்களைப் புறக்கோட்டைக்கு அனுப்புவதாக இருந்தால், முதல் வாரம் கூடவே நடந்து கடைக்காரர்களை அறிமுகம் செய்துவைக்க நான் வருகிறேன். எனக்குச் சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
விற்பனைத் துறையில் வேலை செய்த ஒரு பெண்
வெள்ளவத்தை, கொழும்பு 06